இம்யூனாலஜி படித்துவிட்டு பயோடெக் கம்பெனிக்குப் போனால் ஆராய்ச்சி தொடருமா?

தாமிரபரணி98:
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்துவிட்டு இப்போது ஒரு ஆய்வுக்கூடத்தில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாக இருக்கிறேன். இம்யூனாலஜி, அதாவது நோய் எதிர்ப்பு அறிவியலில், டி செல் என்ற வெள்ளை அணு சம்பந்தமான வேலை. லேசரால் ஒவ்வொரு செல்லாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஓரளவு கை பழகியிருக்கிறது. பெங்களூரில் ஒரு ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ரிசர்ச் அசோசியேட் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவருக்கான மாத உதவித்தொகை) கிடைத்திருக்கிறது, பிஎச்.டி.க்கும் போகலாம்.

எங்கள் பேராசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "கம்பெனிக்குப் போனால் சயின்ஸ் அத்தோடு முடிந்தது." வீட்டிலோ, "இன்னும் அஞ்சாறு வருஷம் படிக்கணுமா?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பிடித்தது மருந்தாக மாறக்கூடிய ஆராய்ச்சி. அதற்கு எது சரியான பாதை? இந்தத் துறைக்குள் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மழைநகரம்:
தங்கச்சி, உங்கள் பேராசிரியர் சொன்னதற்கு நேர்மாறான கதை நான் இருக்கும் ஊரிலேயே நடந்திருக்கிறது. சியாட்டில் பக்கம் ஒரு பயோடெக்கில் வேலை செய்கிறேன். நோய் எதிர்ப்புச் செல்கள் சொந்த உடம்பைத் தாக்காமல் எது தடுக்கிறது என்று கண்டதற்காக 2025இல் மருத்துவ நோபல் பரிசு மூவருக்குப் போனது இல்லையா? ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல். இதில் பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தது பல்கலைக்கழகத்தில் அல்ல. சியாட்டிலை ஒட்டியுள்ள பாத்தெல் என்ற ஊரில் இருந்த செல்டெக் கைரோசயின்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில்.

அவர்கள் கையில் எடுத்தது ஸ்கர்ஃபி என்ற எலி வகை. 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தானாகத் தோன்றியது. ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரியும், மண்ணீரலும் நிணநீர் முடிச்சுகளும் வீங்கும், சில வாரங்களில் செத்துப்போகும். அவற்றின் டி செல்களே சொந்த உடம்பைத் தாக்குகின்றன. ஆண் குட்டிகளுக்கு மட்டும் வருவதால் கோளாறு எக்ஸ் குரோமோசோமில் என்று தெரியும். ஆனால் அதில் ஏறக்குறைய 17 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். இன்று ஒரு வாரத்தில் முடியும் வேலைக்கு அன்று வருடக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. தேடும் இடத்தை ஐந்து லட்சம் எழுத்துகளாகக் குறுக்கினார்கள். அதற்குள் 20 மரபணுக்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், இருபதாவது மரபணுவில்தான் பிழை இருந்தது. அதுதான் ஃபாக்ஸ்பி3. 2001இல் வெளியிட்டார்கள். மனிதக் குழந்தைகளுக்கு வரும் ஐபெக்ஸ் என்ற கொடிய நோய்க்கும் அதே மரபணுதான் காரணம் என்பதும் அப்போதே தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து, சகாகுச்சி 1995இல் காட்டியிருந்த, மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை ஆள்வது இதே ஃபாக்ஸ்பி3தான் என்பது உறுதியானது.

அதற்குப் பிறகு அவர்கள் போன பாதையைப் பாருங்கள். ராம்ஸ்டெல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிஎச்.டி., அப்புறம் இம்யூனெக்ஸ், பிறகு இந்த பாத்தெல் கம்பெனி, சைமோஜெனெடிக்ஸ், நோவோ நோர்டிஸ்க், ஏட்டயர், பார்க்கர் புற்றுநோய் இம்யூனோதெரபி நிறுவனம், கடைசியில் ஒழுங்குபடுத்தும் டி செல்களையே மருந்தாக்கப் பார்க்கும் சொனோமா பயோதெரபியூட்டிக்ஸ். பாத்தெல் கம்பெனியே டார்வின் மாலிக்யூலர் என்ற பெயரில் தொடங்கி, கைரோசயின்ஸ் கைக்குப் போய், 1999இல் செல்டெக்கோடு இணைந்தது. 2004இல் செல்டெக்கையும் பெல்ஜியத்தின் யு.சி.பி. வாங்கிவிட்டது. கம்பெனிப் பெயர்ப்பலகை எத்தனையோ முறை மாறியது. ராம்ஸ்டெல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்வியைத்தான்.

பிரங்கோ இன்னும் சுவாரசியம். அதே காலத்தில், எலும்பு தடித்துக்கொண்டே போகும் ஸ்க்ளிரோஸ்டியோசிஸ் என்ற அரிய நோயின் மரபணுவையும் அவருடைய குழு அங்கேயே கண்டுபிடித்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைக் குறிவைத்துச் செய்த ரோமோசோசுமாப் என்ற ஆன்டிபாடி (இலக்கில் போய் ஒட்டும் எதிர்ப்புப் புரதம்) மருந்து 2019இல் அமெரிக்காவில் எலும்புத் தேய்மானத்துக்கு அனுமதி பெற்றது. 2001இலிருந்து கணக்குப் போட்டால் 18 வருடம். அவர் அப்போது அந்தக் கம்பெனியிலும் இல்லை. மருந்தாகும் ஆராய்ச்சி வேண்டும் என்கிறீர்கள், அதன் நீளம் இதுதான்.

வகுப்பறை:
மழைநகரம் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதை வைத்து ஒரு மாணவி முடிவெடுத்துவிடக் கூடாது. அது 1990களின் காலம். மனித ஜீனோம் படித்து முடிப்பதற்குள் மரபணுக்களைப் பிடித்துவிட வேண்டும் என்று முதலீடு கொட்டியது, கம்பெனிகள் அடிப்படைக் கேள்விகளுக்குக்கூட இடம் கொடுத்தன. இன்று பெங்களூரில் ஒரு ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் யாரும் உங்களிடம் ஒரு நோயுற்ற எலியைக் கொடுத்து "வருடக்கணக்கில் தேடு" என்று சொல்லப்போவதில்லை. வாடிக்கையாளர் மூலக்கூறை அனுப்புவார், எந்தச் சோதனை என்றும் அவரே சொல்வார். நீங்கள் தரவைச் சுத்தமாக எடுத்துக் கொடுப்பீர்கள். அந்த மூலக்கூறின் பெயர்கூடப் பல நேரம் உங்களுக்குத் தெரியாது, ஒரு எண் மட்டும் இருக்கும்.

நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பிஎச்.டி. என்பது ஒரு கேள்வியை நாமே தேர்ந்தெடுத்து, அது தப்பான கேள்வி என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளும் உரிமையோடு சில வருடங்கள் இருப்பது. வாழ்க்கையில் அந்த உரிமை திரும்பக் கிடைப்பது அரிது. ஜே.ஆர்.எஃப். கையில் இருக்கும்போது அதை விட்டுக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஜீனோம்வேலி_தமிழன்:
நான் எம்.எஸ்சி. முடித்தவுடன் ஹைதராபாத்தில் தடுப்பூசிக் கம்பெனிக்கு வந்தவன். இங்கே இம்யூனாலஜி என்றால் என்ன வேலை என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பகுதி தடுப்பூசி போட்ட பிறகு உடம்பில் உண்டான ஆன்டிபாடியை அளப்பது. ஆன்டிபாடி அளவுக்கு எலிசா, வைரஸை முடக்கும் திறனைப் பார்க்கும் நியூட்ரலைசேஷன் சோதனை, டி செல் பதிலுக்கு எலிஸ்பாட். சோதனையைச் செய்வது பாதி வேலைதான். அந்தச் சோதனை நம்பகமானது என்று நிரூபிப்பது மீதி. ஒரே சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) வேறு வேறு நாளில், வேறு வேறு ஆள் செய்தாலும் அதே விடை வர வேண்டும். பிளேட்டின் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி எண் ஏறிவிடுகிறதா என்பதுவரை பார்ப்போம். வகுப்பறை சார் சொல்வதுபோல் "தரவை எடுத்துக் கொடுப்பது"தான், ஆனால் அந்தத் தரவை நம்பித்தான் ஆரோக்கியமான குழந்தைக்கு ஊசி போடுகிறார்கள். அதைச் சின்ன வேலையாக நான் நினைக்கவே மாட்டேன்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பூசியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் கிடைத்த 116இ என்ற ரோட்டா வைரஸ் வகை அது. எம்.கே. பான் அதைத் தடுப்பூசியாக்க எத்தனையோ வருடம் உழைத்தார். டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்தில் 6,799 குழந்தைகளை வைத்து மூன்றாம் கட்ட ஆய்வு. வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங் குழு. 2014இல் உரிமம், 2016இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நுழைவு. இதில் எந்தப் பகுதி பல்கலைக்கழகம், எந்தப் பகுதி அதைத் தயாரித்த பாரத் பயோடெக் கம்பெனி என்று கோடு போட்டுப் பிரிக்கவே முடியாது. தங்கச்சியின் பேராசிரியர் சொல்லும் சுவர் நிஜத்தில் அவ்வளவு உயரம் இல்லை.

ஆனால் ஒரு சுவர் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி.யோடு வந்தால் ஒரு கட்டம்வரை நன்றாகப் போகும். அப்புறம் எந்தச் சோதனையைச் செய்வது, எந்த மூலக்கூறை நிறுத்துவது என்று பேசும் அறைக்குள் உட்காருபவர்கள் பெரும்பாலும் பிஎச்.டி. முடித்தவர்கள்தான். விதிவிலக்கு உண்டு, நானே சிலரைப் பார்த்திருக்கிறேன். அதை நம்பித் திட்டம் போட முடியாது.

சம்பளம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். 42,000, வீட்டு வாடகைப்படி தனி. நான் பார்த்தவரை புதிதாக வரும் எம்.எஸ்சி.க்குப் பல கம்பெனிகள் அந்த அளவுக்குத் தருவதில்லை. வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், "இன்னும் படிப்பா" என்ற கேள்வி கொஞ்சம் அடங்கும். உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காக வராது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நீலமலர்:
யாரும் சொல்லாத ஒன்று. ப்ராஜெக்ட் செத்துப்போவது.

பிஎச்.டி., போஸ்ட்டாக் எல்லாம் முடித்து ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். தோல் சம்பந்தமான தன்னெதிர்ப்பு நோய் (உடம்பு தன்னையே தாக்கும் நோய்) ஒன்றுக்கு ஆன்டிபாடி. எலியில் நன்றாக வேலை செய்தது, மனித ரத்த செல்களிலும் நன்றாக இருந்தது. குரங்கில் பார்க்க வேண்டிய நேரத்தில் மேலிடம் இனிமேல் புற்றுநோய்க்கு மட்டும்தான் பணம் என்று முடிவு செய்தது. ஒரு கூட்டம், ஒரு மின்னஞ்சல், முடிந்தது. அறிவியலில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் மாதக்கணக்கில் வளர்த்து எடுத்த செல் லைன்களுக்கு லேபிள் ஒட்டி, பட்டியல் எழுதி, நைட்ரஜன் தொட்டியில் இறக்கிவைத்தோம். எதையும் வெளியிட முடியவில்லை. இன்று என் விண்ணப்பத்தில் அந்த வருடங்களுக்கு ஒரு கட்டுரையும் கிடையாது.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 2014இல் நோவோ நோர்டிஸ்க் அழற்சி நோய் ஆராய்ச்சியையே மொத்தமாகக் கைவிட்டது, அவ்வளவு பெரிய கம்பெனி. தாங்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த வேலை வாங்கிக் கொடுத்தது அந்த ப்ராஜெக்டில் கற்றுக்கொண்ட கைவேலைதான். ரத்த செல்களை உறையவைத்து மீண்டும் எழுப்பினாலும் அதே பதில் வருமாறு செய்யத் தெரிந்தவர்கள் எங்கேயும் குறைவு.

தாமிரபரணி98:
அக்கா, படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. இப்போது கேள்வி கொஞ்சம் மாறிவிட்டது. எனக்கு வந்திருக்கும் வேலை "சைட்டோகைன் வெளியீட்டுச் சோதனைகள்" செய்யும் குழுவில், அதாவது மருந்து பட்டதும் நோய் எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டுகின்றனவா என்று பார்ப்பது. வகுப்பறை சார் சொல்வதைப் பார்த்தால் அது வெறும் சேவை வேலை. அப்படித்தானா? பிஎச்.டி. என்றால் எங்கே முயற்சி செய்வது?

மும்பை_மீனா:
சைட்டோகைன் வெளியீட்டுச் சோதனையா! அப்படியென்றால் கட்டாயம் எழுதுகிறேன், அதுதான் என் பிழைப்பு.

2006 மார்ச். லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை முதன்முதலாகச் செலுத்தினார்கள். டி செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி28 என்ற ஏற்பியைத் தூண்டும் மருந்து. குரங்குகளுக்கு அதைவிட 500 மடங்கு கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. இவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், காய்ச்சல், அப்புறம் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கின. ஆறு பேரும் பிழைத்தார்கள், ஆனால் ஒருவர் விரல்களை இழந்தார். மருந்தைச் செய்த ஜெர்மன் கம்பெனி டெஜெனெரோ திவாலாகிவிட்டது.

ஏன் குரங்கில் தெரியவில்லை? மனிதரின் நினைவு டி செல்களில் ஒரு வகை சிடி28ஐ வைத்திருக்கிறது, ஆய்வுக்கு எடுத்த குரங்கில் அதே செல் வகை சிடி28ஐ இழந்துவிடுகிறது. குழாயில் மனித செல்லோடு கலந்து பார்த்தபோதும் தெரியவில்லை, ஏனென்றால் கரைசலில் மிதக்கும் ஆன்டிபாடி அந்தச் செல்களைத் தூண்டவில்லை. பிறகு பிரிட்டனின் அரசு ஆய்வகத்தில் அதே ஆன்டிபாடியை பிளாஸ்டிக் குழியின் அடியில் ஒட்டிவைத்து, மேலே மனித ரத்த செல்களைப் போட்டுப் பார்த்தார்கள். சைட்டோகைன் கொட்டியது. நீங்கள் செய்யப்போகும் சோதனை அந்த ஆறு பேரிலிருந்து வந்தது. இதை "வெறும் சேவை" என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தச் சோதனையின் உயிர் ரத்தத்தில் இருக்கிறது. ரத்தத்தை நீர்த்து, செல்களைப் பிரிக்க உதவும் ஃபைகால் என்ற அடர்ந்த திரவத்தின் மேல் கலங்காமல் குழாயைச் சாய்த்து மெதுவாக விட வேண்டும். குழாயை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜின் பிரேக்கை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிற்கும்போது அடுக்குகள் கலைந்துவிடும். நடுவில் மோர் நிறத்தில் மெல்லிய வளையம் நிற்கும், அதைத்தான் உறிஞ்சி எடுப்போம். கொஞ்சம் ஆழம் போனால் ஃபைகாலும் சேர்ந்து வந்து செல்லைக் கெடுக்கும். ரத்தம் எடுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று, கொடுத்தவருக்கு நேற்று சளி இருந்ததா, இதெல்லாம் விடையை மாற்றும். ஒருவருடைய செல் கொந்தளிக்கும், பக்கத்தில் இருப்பவருடையது சும்மா இருக்கும். அது பிழையா, உண்மையா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் நீங்கள் இம்யூனாலஜிஸ்ட்.

இப்போது நான் இருப்பது கார்-டி செல் சிகிச்சைப் பக்கம். நோயாளியின் டி செல்லை எடுத்து, புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் ஏற்பியைப் பொருத்தி, திருப்பிச் செலுத்துவது. ஐ.ஐ.டி. பம்பாயில் ராகுல் புர்வார் ஆய்வகத்தில் தொடங்கி, டாடா மெமோரியல் மருத்துவர்களோடு சேர்ந்து, இம்யூனோஆக்ட் என்ற கம்பெனியாக வெளியே வந்த நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 2017இல் வந்த முதல் கார்-டி மருந்தின் அறிவிப்பு விலை 4,75,000 டாலர். இங்கே அதில் ஒரு சிறு பங்குதான், அதுவும் பல குடும்பங்களுக்கு எட்டாத தொகை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தச் சிகிச்சையிலும் பெரிய அபாயம் சைட்டோகைன் கொந்தளிப்புதான். அந்தச் சோதனை தெரிந்தவர்களை இங்கே தேடித் தேடி எடுக்கிறார்கள்.

சேத்துப்பட்டு_ஆய்வாளர்:
பிஎச்.டி. இடங்கள் பற்றி. டெல்லியில் தேசிய இம்யூனாலஜி நிறுவனம், ஃபரிதாபாதில் டி.எச்.எஸ்.டி.ஐ. என்ற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரில் ஐ.ஐ.எஸ்சி., நம்ம ஊரில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இம்யூனாலஜிக்கென்றே தனித் துறை. சென்னையில் சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1956இல் தொடங்கியது. மனித மாதிரியில் டி செல் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றால் எலியே இல்லாமல் நேரடியாக நோயாளியின் ரத்தத்தில் வேலை செய்யும் வாய்ப்பு அங்கே இருக்கிறது, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கூட்டு ஆய்வு மையமும் அதே வளாகத்தில்.

ஊர், நிறுவனத்தின் பெயர் இரண்டையும் விட வழிகாட்டியைப் பாருங்கள். அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். மறைக்காமல் சொல்வார்கள்.

வகுப்பறை:
மீனா அவர்களின் பதிவைப் படித்த பிறகு, அந்தக் குறிப்பிட்ட வேலையைப் பற்றி என் கருத்து மாறுகிறது. எந்த ஒப்பந்த வேலையும் அப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் சைட்டோகைன் குழு என்றால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கேள்வி கேட்க இடம் கொடுப்பார்களா என்பதுதான் பாக்கி. தம்பி ஜீனோம்வேலி சொன்ன சுவர் இருப்பதால், பிஎச்.டி. வேண்டும் என்ற என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை.

தாமிரபரணி98:
ஜே.ஆர்.எஃப். கடிதத்துக்குக் காலக்கெடு இருக்கிறது. அதற்குள் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு பிஎச்.டி.க்குத் திரும்பினால் தப்பாகப் பார்ப்பார்களா?

நீலமலர்:
திரும்பி வந்தவர்களை நான் நேர்காணல் செய்திருக்கிறேன். தப்பாகப் பார்ப்பதில்லை, மாறாக சோதனையை எப்படிச் சரிபார்ப்பது என்று தெரிந்துகொண்டு வருகிறார்கள். ஒரு சிக்கல்தான்: ரகசிய ஒப்பந்தத்தால் என்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்ல முடியாது. அதனால் மூலக்கூறைப் பற்றிப் பேசாமல் முறையைப் பற்றிப் பேசப் பழகிக்கொள்ளுங்கள். "பத்து பேர் ரத்தத்தில் இரண்டு பேர் மட்டும் பதில் தந்தால் எப்படி முடிவெடுப்பேன்" என்று சொன்னால் எந்த ஒப்பந்தமும் மீறப்படாது, கேட்பவருக்கு ஆளும் புரிந்துவிடும்.

மும்பை_மீனா:
சேர்வதற்கு முன் அந்தக் குழுத் தலைவரிடம் ஒரு அழைப்பு கேளுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். சோதனையை வடிவமைப்பது இங்கேயா, வாடிக்கையாளர் அனுப்பிய நெறிமுறையை அப்படியே செய்வதா? விடை எதிர்பார்த்தபடி வராதபோது ஏன் என்று பார்க்க நேரம் தருவார்களா? இந்தக் குழுவிலிருந்து கடைசியாகப் போனவர் எங்கே போனார்? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் உங்கள் ஜே.ஆர்.எஃப். காலக்கெடுவுக்குள் முடிகிற அளவுக்குச் சேருங்கள். இல்லை என்றால் நேராகச் சேத்துப்பட்டுக்கும் மதுரைக்கும் எழுதுங்கள்.

தாமிரபரணி98:
திங்கட்கிழமை அழைப்புக்கு நேரம் கேட்டு எழுதிவிட்டேன் அக்கா. மதுரைக்கும் சேத்துப்பட்டுக்கும் இன்றைக்கே எழுதுகிறேன். குழுத் தலைவர் என்ன சொன்னார் என்று இங்கேயே வந்து போடுகிறேன்.

ஜீனோம்வேலி_தமிழன்:
கேட்கும்போது ரத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். சொந்தமாகத் தானம் செய்பவர்களின் பட்டியல் வைத்திருக்கும் ஆய்வகமா, ரத்த வங்கியில் மிஞ்சியதை வாங்கி ஓட்டும் ஆய்வகமா என்று தெரிந்தால் அந்தச் சோதனையை அவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.